ஆடித் தள்ளுபடியில் ஒரு கண்

இந்த நாற்காலிதான் வசதி. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு யார் உள்ளே வந்தாலும் என் வலது பக்கத்தைப் பார்க்காமல் வரவேற்பு மேஜைக்குப் போக முடியாது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஏசிக் காற்று நேராக வந்து கண்ணில் அறைந்தது. கீழ் இமை வெளிப்பக்கமாக மடிந்து தொங்குகிறது, உள்சதை சிவப்பாகத் தெரிகிறது. மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, அந்தச் சிவப்பு. சிவப்பாக இருந்தால் நல்ல மீன். என் கண்ணைப் பார்த்து யாரும் நல்ல மீன் என்று சொல்ல மாட்டார்கள். நீர் தானாக ஊறி இமை விளிம்பில் தயங்கி நின்று, பிறகு கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கூடாது. துடைத்தால் வந்த காரியம் கெட்டது. மேஜையிலிருந்து ஏஞ்சலின் பார்க்கிறாள். நல்ல பெண். ஒவ்வொரு சனிக்கிழமையும் இதையேதான் சொல்கிறாள்: "சார், உள்ள ரூம் காலியாத்தான் இருக்கு. அங்க வசதியா உக்காருங்களேன், காப்பி அனுப்பறேன்." நானும் அதையேதான் சொல்கிறேன்: "இங்கயே இருக்கேம்மா. காத்தோட்டமா இருக்கு." மூடிய கட்டடத்தில் என்ன காத்தோட்டம்? அவளும் கேட்பதில்லை. நான் ஆபரேஷன் செய்துகொண்டவன், மறுபரிசோதனைக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வருகிறேன். யாரால் என்னை எழுப்ப முடியும்? எதிர்ச் சுவரில் வரிசையாக முகங்கள், ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஜோடி ஜோடியாக. முன்னால் எடுத்த படங்களில் எல்லோரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல இருக்கிறார்கள், பின்னால் எடுத்ததில் சிரிக்கிறார்கள். சிரித்தால் யார் முகமும் கொஞ்சம் தேவலைதான், அதற்கு எதற்குக் கத்தி? என் படம் அங்கே இல்லை. அதற்கென்ன, நானே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

சிரிப்பு என்றதும் எங்கள் ஜவுளிக்கடைச் சின்ன முதலாளியின் சிரிப்பு வந்துவிடுகிறது. எதை நினைத்தாலும் சுற்றிச் சுற்றி அங்கே போய்த்தான் நிற்கிறது. இருபத்தாறு வயது, எம்பிஏ, கடைக்குள் நுழைந்த முதல் வாரமே எங்கள் பட்டுப் பிரிவுக்கு வந்து எல்லோர் முன்னிலையிலும் என் முகத்தை உற்றுப் பார்த்தான். "கனகசபை அண்ணே, தப்பா நினைக்காதீங்க, உங்க கண்ணுக்குக் கீழ தொங்குற ரெண்டு பையப் பாத்தா கஸ்டமருக்குத் தூக்கம் வருது. அதுல என்னண்ணே வச்சிருக்கீங்க, ஜாக்கெட் துணியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் அறுக்கிறது. அவன் சொன்னது போகட்டும், நான் ஏன் சிரித்தேன்? சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், இரண்டு பைகளும் உண்மையாகவே பெரிதாகத் தெரிந்தன. அதற்கு முன்னால் ஐம்பத்து மூன்று வருஷம் நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. பிறகு ஆடி வந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை, முகூர்த்தப் பட்டுப் பிரிவில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம், லீவு கேட்டால் கிடைக்கும். பஸ் நிலையத்துக்கு எதிரே இந்த ஆஸ்பத்திரியின் டாக்டர் நிரஞ்சன் கையைக் கட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்கிற விளம்பரப் பலகை. 'ஆடிச் சிறப்புச் சலுகை. ஒரு கண்ணின் கட்டணத்தில் இரு கண்கள்.' அதைப் பார்த்து மயங்கி நின்றவன் யார்? ஆடித் தள்ளுபடிக்கு எந்தச் சரக்கை மேலே கொண்டுவருவோம் என்று உள்ளும் புறமும் தெரிந்தவன். போன வருஷத்துக்கு முந்தின வருஷத்துப் புடவையை எடுத்து, மடிப்பை மாற்றி இஸ்திரி போட்டு, விலைச் சீட்டைக் கிழித்துப் புதுச் சீட்டு ஒட்டி, சாயம் விட்ட இடத்தை உள்மடிப்பில் மறைத்து அடுக்குகிறவன். தள்ளுபடியில் பட்டு எடுக்காதே என்று சொந்தத் தங்கையிடம் சொன்னவன். அவன் போய்த் தள்ளுபடியில் கண்ணைக் கொடுத்தான். இதை வெளியே சொன்னால் கடைப் பையன்கள் ஒரு மாதம் சிரிப்பார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆபரேஷன் அன்றைக்கு ஹாலில் உட்கார இடமில்லை, நோயாளிகள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் தையல் பிரிவில் ஜாக்கெட் வெட்டுவார்கள், துணியை ஒன்றின் மேல் ஒன்று போட்டு ஒரே வெட்டு. அந்த அவசரம்தான் இங்கேயும். இடது கண்ணை அவர் நிதானமாக வெட்டினார் என்றும் வலது கண்ணுக்கு வரும்போது அடுத்த ஆளை நினைத்துக்கொண்டிருந்தார் என்றும் நானாக முடிவு செய்திருக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும்? முகத்தில் துணி போட்டிருந்தார்கள். ஆனால் ஒரு குரல் கேட்டது, "அடுத்தவங்கள ரெடி பண்ணியாச்சா?" அது அவர் குரலா, வேறு யாருடையதா? அவர் குரல்தான். அவர் குரலாகத்தான் இருக்க வேண்டும்.

பிறகு அவரை நான் பார்க்கவேயில்லை. தையல் பிரித்தது ஒரு சின்ன டாக்டரம்மா. வீக்கம் என்றாள், வீக்கம் வடிந்தால் சரியாகும் என்றாள். வடிந்தது, சரியாகவில்லை. விரலால் மேல்நோக்கி நீவிவிடச் சொன்னாள். நீவினேன். இமையை நீவிக்கொண்டே டீ குடித்தேன், நீவிக்கொண்டே செய்தி பார்த்தேன். தோலைக் கூடுதலாக எடுத்துவிட்டால் மிச்சத் தோல் என்ன செய்யும்? கெஜம் குறைந்த துணியை எவ்வளவு இழுத்தாலும் முந்தானைக்கு எட்டாது. ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தப் பார்ட்டி, கரூர்க்காரர்கள், பெண் வீட்டில் பதினைந்து பேர், பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். அரக்கு நிறத்தில் கூறைப்புடவையை எடுத்து நான் விரித்துப் போடுகிறேன். விரிக்கும்போது ஒரு வீச்சு இருக்கிறது, புடவை காற்றில் ஒரு நிமிஷம் நின்று இறங்க வேண்டும். அந்த வீச்சில்தான் பாதிப் புடவை விற்கும். அது இறங்குகிறது, கூடவே என் கண்ணிலிருந்து ஒரு சொட்டும் இறங்கி ஜரிகையில் விழுந்தது. பெண்ணின் அத்தை, கழுத்து நிறைய நகை, கையை நீட்டி நிறுத்தினாள். "என்னங்க இது? கூறைப் பொடவை எடுக்க வந்த எடத்துல கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டு நிக்கிறீங்க? யாராவது செத்துட்டாங்களா?" நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பதினைந்து பேரும் எழுந்துவிட்டார்கள். கல்யாணப் பட்டில் கண்ணீர் விழுந்தால் அந்தப் பட்டு மட்டுமில்லை, அந்தக் கடையே வேண்டாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, என் மகளுக்கு எடுத்திருந்தால் நானும் எழுந்துதான் போயிருப்பேன். மறுநாள் சின்ன முதலாளி என்னைக் கீழே குடோனுக்கு மாற்றினான். சீட்டு ஒட்டும் வேலை. "கொஞ்ச நாளைக்குத்தாண்ணே" என்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. குடோனில் ஜன்னல் இல்லை. புதுத் துணி வாசனையும் டியூப் லைட் முனகலும். வெறுப்பை வளர்க்க நல்ல இடம், வெளிச்சம் கேட்காத பயிர் அது. ஆனால் பாருங்கள், வெறுப்பு அவன்மேல் வளரவில்லை. அவன் முதலாளி, வழக்கம்போல அவன்மேல் வருவது பாதியில் மடங்கிவிடுகிறது. விளம்பரப் பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர்மேல்தான் படர்ந்தது.

டாக்டர் மெஹருன்னிசா கெட்டிக்காரி. கண் டாக்டர், வயது அறுபது இருக்கும், சுற்றி வளைக்காமல் பேசுகிறாள். விளக்கை நெற்றியில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நீவிவிடறதெல்லாம் இனிமே பிரயோஜனம் இல்லை. காதுக்குப் பின்னால இருந்து தோல் எடுத்து இமையில வச்சு ஒட்டணும். உள்பக்கம் தாங்கலுக்கு மேலண்ணத்துலேர்ந்து ஒரு துண்டு எடுப்பேன். நிறம் அப்படியே ஒத்துப்போகும்னு சொல்ல மாட்டேன், திட்டு தெரியலாம். சில பேருக்குத் திரும்பவும் இழுத்துக்கும், இன்னொரு தடவை பண்ண வேண்டி வரும். பழைய முகம் திரும்பி வராது, அத மறந்துடுங்க." முகத்தில் ஒட்டு. வேறு தறியில் நெய்த துணியை எடுத்து ஒட்டுப் போட்டால் எவ்வளவு நல்ல கையானாலும் தெரியும், நான் சொல்கிறேன், பத்தடி தள்ளி நின்று நான் காட்டித் தருவேன். காதுத் தோலில் இமை, வாய்ச் சதையில் கண், என்ன மனுஷன் நான், துண்டுத் துணிக் கடையா? ஆனால் அவள் முடிக்கவில்லை. "பயம் திட்டு இல்ல, கனகசபை. ராத்திரி உங்க கண்ணு மூடவே இல்ல. காஞ்சு காஞ்சு கருவிழியில புண்ணு வந்திருக்கு. மருந்தும் பிளாஸ்திரியும் எத்தனை நாள் தாங்கும்? இந்த மாசத்துக்குள்ள பண்ணலன்னா பார்வைக்கு நான் பொறுப்பில்ல." இதையெல்லாம் என் மனைவி வசுமதி பக்கத்திலிருந்து கேட்டாள். ஆட்டோவில் ஏறியதும் கேட்டாள், "என்னைக்கு வச்சுக்கலாம்?" பார்க்கலாம் என்றேன். மறுநாளும் கேட்டாள். பார்க்கலாம் என்றேன். நேற்று, "என்னங்க, பாக்கலாம் பாக்கலாம்னா, பாக்கறதுக்குக் கண்ணு வேணாமா?" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்னொரு கத்திக்குப் பயப்படுகிறேன் என்று நினைக்கிறாள். பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. படுத்த உடனே அந்தப் பெரிய விளக்கும் முகத்துணியும் ஞாபகம் வருகிறது. ஆனால் அது மட்டுமில்லை, அதை அவளிடம் எப்படிச் சொல்வது? கண் சரியாகிவிட்டால் என்னிடம் என்ன இருக்கும்? இது ஒன்றுதான் அவருக்கு எதிராக என் கையில் இருப்பது. இதைச் சரிசெய்தால் அவர் தப்பு செய்ததே இல்லை என்றாகிவிடும். ஒரு வக்கீலையும் போய்ப் பார்த்தேன், அவர் சொன்னார், போட்டோ எடுத்து வைத்தால் கேஸுக்குப் போதும், கண்ணை அப்படியே வைத்திருக்க வேண்டியதில்லை என்று. போட்டோ அழாது, சார். போட்டோ இந்த நாற்காலியில் வந்து உட்காராது.

என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன். குடோனில் கத்தரிக்கோல் எடுக்கும்போதெல்லாம் அவரைப் படுக்கவைத்து, அவர் இமையை இரண்டு விரலால் தூக்கி, பட்டுத் துணி கிழியும்போது ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். பிறகு பார்த்தால் சீட்டு கோணலாக ஒட்டியிருக்கும். அது வேண்டாம், அவர் மகள் கல்யாணத்துக்கு எங்கள் கடைக்கே பட்டெடுக்க வர வேண்டும், நான் மேலே வந்து, விற்காத சரக்கிலேயே மட்டமானதை, மடித்தால் மடிப்பில் விட்டுப்போகிற பட்டை, ஒரு வீச்சில் விரித்து அவர் தலையில் கட்ட வேண்டும், மணவறையில் அது கிழிய வேண்டும். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? அவருக்கு மகள் இருக்கிறாளா என்பதே தெரியாது. இல்லை, ஒன்றும் வேண்டாம், அவர் இந்த ஹாலுக்கு வந்து என்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்ததும் அந்தப் பல் மறைய வேண்டும். முகம் சுருங்கி வெளுத்துத் தொங்குவதை நான் பார்க்க வேண்டும். ஆறு மாதமாக அந்த முகத்தை மனதிற்குள் விதவிதமாக வரைந்து வைத்திருக்கிறேன், எந்தக் கன்னம் முதலில் துடிக்கும் என்பது வரைக்கும். ஆனால் அவர் இந்தப் பக்கம் வருவதேயில்லை. பின்பக்கம் தனி லிஃப்ட். அதனால் வாடிக்கையைக் கலைப்பது என்று ஆரம்பித்தேன். கதவைத் திறப்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள், கால் ஒரு கணம் தயங்கும், அந்தத் தயக்கம் எனக்குச் சாப்பாடுபோல. பிறகு உட்கார்ந்து போனை எடுத்துவிடுவார்கள். எல்லோரும் தங்களுக்கு அப்படி ஆகாது என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தவன்தானே. இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் சுவரைப் பார்த்தேன். போன வாரம் அந்தப் படங்களில் மூக்கு தெரிந்தது. இன்று வெளிறிய வட்டங்கள். பரவாயில்லை, ஏசிக் காற்று. பரவாயில்லை.

"ஏங்க, கண்ணு வலியா, இல்ல அழுறீங்களா?" பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. என் வயதிருக்கும், மஞ்சள் நூல் புடவை, மடியில் பெரிய டிபன் தூக்கு. கண்ணுக்குக் கீழே இரண்டு பை, நான் இங்கே வெட்டக் கொடுத்தேனே, அதே அளவு. எனக்கு உள்ளே ஏதோ துள்ளியது. இதற்காகத்தானே காத்திருந்தேன். "அழலம்மா. இங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன், இப்படி ஆயிடுச்சு" என்றேன், ஏஞ்சலினுக்கும் கேட்கும்படி. அந்த அம்மாள் பதறவில்லை, குனிந்து நன்றாகப் பார்த்தாள், வேகிற சோற்றைப் பார்ப்பதுபோல. "அடக் கொடுமையே. இதே டாக்டரா?" "இதே டாக்டர்தான்." "நானும் இதுக்குத்தான் வந்தேன். பேரு தவமணி, லால்குடியில மெஸ்ஸு வச்சிருக்கேன். வீட்டுக்காரர் போனப்ப அழுது அழுது வந்த பைங்க இது. சாப்பிட வர்றவன்லாம் 'என்னக்கா, அழுதீங்களா'ன்னு கேக்குறான். அட, அழுது முடிச்சு அஞ்சு வருசம் ஆச்சுடா, சாம்பாரு வேணுமா சொல்லுன்னு கத்துவேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சுண்ணே. சரி, அதே டாக்டர்னா இங்கயே எதுக்கு வந்து உக்காந்திருக்கீங்க? வைத்தியத்துக்கா?" "இல்லம்மா. நாலு பேர் பாக்கட்டும்னு." "பாத்தாச்சு. அப்புறம்?" அப்புறம் என்ற சொல் என் திட்டத்தில் எங்கும் இல்லை. "எத்தன பேர வெரட்டியிருக்கீங்க இதுவரைக்கும்?" என்றாள், கணக்குப் பார்க்கிற குரலில். "ஒருத்தர், போன வாரம்" என்றேன். "பாத்ததும் எந்திரிச்சு ஓடினாரு." சொல்லும்போதே அந்த ஆள் கையில் சாவி இருந்ததும், வெளியே போலீஸ்காரர் வண்டிகளுக்கு விசிலடித்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. "வண்டிய எடுக்கத்தான் ஓடினாரோ என்னவோ" என்றேன். அவள் குலுங்கிச் சிரித்தாள். தூக்குக்குள் பாத்திரங்கள் மோதிக்கொண்டன. எனக்குக் கோபம் வரவில்லை, அது ஏன் என்று யோசிக்க நேரமும் இல்லை, ஏனென்றால் உள் கதவு திறந்தது.

லிஃப்ட் பழுதாம். ஏஞ்சலினிடம் யாரையோ திட்டிக்கொண்டே டாக்டர் நிரஞ்சன் ஹாலுக்குள் வந்தார். பலகையில் இருப்பதைவிடக் குள்ளம். காதில் போன். என்னைத் தாண்டிப் போனவர் நின்றார், இரண்டடி திரும்பி வந்தார், போனை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தார். சென்ட் வாசனை. ஒரு விரலால் என் தாடையைத் தொட்டு முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார், மிக மெதுவாக, நல்ல கை என்று உடம்புக்குத் தோன்றுகிற அளவுக்கு மெதுவாக. "அடடா, தோலை ரொம்ப எடுத்துட்டாங்களே" என்றார். உண்மையாகவே வருத்தப்படுகிற குரல். "யாரு பண்ணினது? எந்த ஊர்ல?" எனக்குப் புரிய நேரமாயிற்று. அவருக்குத் தெரியவில்லை. இத்தனை சனிக்கிழமை, இத்தனை காற்று, இத்தனை கண்ணீர், அவருக்கு நான் யாரென்றே தெரியவில்லை. மேஜைக்குப் பின்னால் ஏஞ்சலின் பாதி எழுந்து அப்படியே நின்றாள். தயாராக வைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டன. ஒன்றுதான் வெளியே வந்தது, கடையில் பண்டல் இறக்கச் சொல்லும் குரலில், ஹால் முழுக்கக் கேட்கும்படி. "நீங்கதான் டாக்டர். போன ஆடியில. ஒரு கண்ணு காசுக்கு ரெண்டு கண்ணு." போன்கள் எல்லாம் தாழ்ந்தன. அந்த நொடி வந்துவிட்டது. இதோ, இப்போது, அந்தப் பல் மறையும், அந்தக் கன்னம் துடிக்கும். நான் முகத்தை நிமிர்த்தினேன். வலது கண்ணில் வெள்ளையாக ஒரு மூட்டம், அதற்குள் அதைவிட வெள்ளையாக ஒரு டாக்டர் கோட்டு. அது துடிக்கிறதா, சிரிக்கிறதா? இடது கண்ணால் பிடிக்கப் பார்த்தேன். அதுவும், நல்ல கண்ணும், இத்தனை மாதம் எனக்குத் துணையாக இருந்த கண்ணும், நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அது ஏசிக் காற்று இல்லை. இரண்டு கையாலும் தேய்த்தேன், எரிச்சலில் உயிர் போயிற்று, மூட்டம் இன்னும் பெரிதாயிற்று. ஷூ சத்தம் கேட்டது. வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. கதவு மூடும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

தவமணி முந்தானையை என் கையில் திணித்தாள். "தேய்க்காதீங்கண்ணே, ஒத்தி எடுங்க." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "மூஞ்சி எப்படி இருந்துச்சும்மா? நான் சொன்னதும் அவர் மூஞ்சி எப்படிப் போச்சு?" "யாரு, டாக்டரா?" என்றாள். "நான் எங்க அவரப் பாத்தேன், உங்களத்தான பாத்துக்கிட்டிருந்தேன்." ஏஞ்சலினைக் கேட்கலாம் என்று திரும்பினால் அவள் தலையைக் குனிந்துகொண்டிருப்பதுபோலத் தெரிந்தது, அதுவும் நிச்சயமில்லை. யாரிடம் கேட்பது? கேட்டால் மட்டும் என்ன, அடுத்தவர் பார்த்ததை வாங்கி நான் எங்கே வைப்பது? சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தேன், எழுத்துகள் எறும்புக் கூட்டமாக ஓடின. தவமணியிடம் நீட்டினேன். "கண் டாக்டர்னு போட்டிருக்கும், அமுக்கிக் கொடும்மா." அவள் தேடி அமுக்கினாள். ஏஞ்சலின் தணிந்த குரலில், "தவமணி மேடம், உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். தவமணி எழுந்திருக்கவில்லை. மறுமுனையில் டாக்டர் மெஹருன்னிசாவின் கிளினிக் பெண். "திங்கக்கிழமையே வச்சுக்கலாம்மா" என்றேன். "ரிஸ்க் எல்லாம் மேடம் சொன்னாங்கல்ல சார்? கலர் மாறும், திரும்பவும் இழுத்துக்கலாம், ரெண்டாவது தடவை பண்ண வேண்டி வரலாம்." "எல்லாம் சொன்னாங்க." "இத்தனை நாளா யோசிச்சீங்களே, வீட்டுல பேசி முடிவு பண்ணிட்டீங்களா?" "பண்ணிட்டேன். திட்டு தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். பார்வை மட்டும் தெளிவா இருக்கணும்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லும்மா" என்றேன். "ஒருத்தர் மூஞ்சியை நான் இன்னொரு தடவை நல்லாப் பாக்கணும்."